இருவராகச் சிங்கப்பூர்: ஐந்து நாளுக்கான கணக்கு

சிங்கப்பூரில் எந்த மாதமானாலும் சூரியன் காலை 7 மணியையொட்டி உதிக்கும், மாலை 7 மணியையொட்டி மறையும். பயணத் திட்டம் போடக் காகிதம் எடுத்ததும் முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளுங்கள். இடங்களின் பட்டியல் அப்புறம் வரட்டும். வெப்பமானி 32, 33 டிகிரிதான் காட்டும். சென்னைக்காரருக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றாது. ஆனால் காற்றில் ஈரம் எந்நேரமும் நிறைந்திருப்பதால் வேர்வை காயாது. பகல் 11 முதல் 4 வரை வெளியில் அலைந்துவிட்டால், ஊர் அழகாகும் மாலை நேரத்தில் கால் ஓய்ந்திருக்கும். ஒருவருக்குக் கால் ஓய்ந்தாலே போதும், அன்றைய மாலை இருவருக்கும் போயிற்று.

ஆகவே விதி ஒன்றுதான். காலையும் மாலையும் வெளியே, நடுப்பகல் கூரைக்குக் கீழே, ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம். "மூன்று நாளில் பதினெட்டு இடம்" என்று விற்கப்படும் திட்டங்களில் பாதி நேரம் பேருந்துக்குக் காத்திருப்பதிலேயே கழிகிறது.

கீழே "வெள்ளி" என்று வருவதெல்லாம் சிங்கப்பூர் டாலர்தான். இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்வோம். விலைகளைக் கிட்டத்தட்ட என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பிப்பதே வழக்கம். அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 வெள்ளி, விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. முகவர் தன் கூலியைத் தனியே சேர்ப்பார். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

விசா கையில் இருந்தாலும் வருகை அட்டை என்று ஒன்றைத் தனியே நிரப்ப வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்தில் இதை நிரப்பலாம். இது முழுக்க இலவசம். தேடும்போது முதலில் விளம்பரமாக வந்து நிற்கும் தளம் பணம் கேட்டால் உடனே வெளியேறிவிடுங்கள். அட்டையில் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரியை இரண்டு முறை சரிபாருங்கள். இங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

பெட்டி கட்டும்போது அம்மா ஆசையாகக் கொடுக்கும் மசாலாப் பொட்டலங்களை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கசகசா இருந்தால் எடுத்துவிடுங்கள். அதில் மார்ஃபின் இருக்கக்கூடும் என்பதால் இங்கே போதைப்பொருள் சட்டத்தின் பார்வையில் அது சாதாரணச் சமையல் பொருள் இல்லை. கோழி, ஆட்டிறைச்சி ஊறுகாய் வகைகளும் வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை ஆகியவற்றுக்கு முன்அனுமதி தேவைப்படும். மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். மெல்லும் கோந்து (சூயிங் கம்) விமானத்தோடு நிற்கட்டும். மின் செருகி இங்கே மூன்று சதுர முனை கொண்டது. நம் வட்ட முனைச் செருகி நுழையாது, மாற்றி ஒன்று எடுத்து வாருங்கள்.

பணத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொட்டுக் கட்டும் வசதியையும் ஊரிலேயே திறந்துவிடுங்கள். பெரும்பாலான இந்திய அட்டைகளில் இவை மூடியே இருக்கும். அடுத்தது, கடையில் அட்டையை நீட்டும்போது இயந்திரம் "ரூபாயிலா, வெள்ளியிலா" என்று கேட்டால் வெள்ளியைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரரே வைப்பார். அது உங்கள் வங்கியின் விகிதத்தைவிடப் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும்.

எந்த மாதம் வருவது? நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம், ஆனால் நாள் முழுக்கக் கொட்டுவது அரிது. தீபாவளியையொட்டி லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை முழுவதும் விளக்கு அலங்காரம் இருக்கும். அதைப் பார்க்கவே வரலாம். சீனப் புத்தாண்டின் முதல் சில நாள்களில் பாதி உணவுக்கடைகள் மூடிக்கிடக்கும். சாப்பிடவே வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடக்கும் வார இறுதியில் மரினா பேயைச் சுற்றிச் சாலைகள் அடைக்கப்படும், ஹோட்டல் வாடகையும் ஏறிவிடும்.

தங்குமிடமும் ரயிலும்

முதல்முறை வரும் தம்பதிக்கு நாங்கள் சொல்வது நீல நிற டவுன்டவுன் ரயில் பாதையை ஒட்டிய ஹோட்டல்தான். லிட்டில் இந்தியா, ரோச்சோர், பூகிஸ், சைனாடவுன் எல்லாம் அந்த ஒரே பாதையில் இருக்கின்றன. கரையோரப் பூந்தோட்டங்களுக்கான பேஃபிரண்ட் நிலையமும், பூமலைக்கான பொட்டானிக் கார்டன்ஸ் நிலையமும் அதிலேயே வருகின்றன. விமான நிலையத்திலிருந்து வருவோர் பலர் தானா மேராவில் இறங்கிப் பச்சைப் பாதைக்கு மாறி, நகருக்குள் இன்னொரு முறை பெட்டியோடு மாறுகிறார்கள். தேவையில்லை. சாங்கியிலிருந்து ஒரே நிறுத்தம் தள்ளி எக்ஸ்போவில் இறங்கி நீலப் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா வரை உட்கார்ந்தே வரலாம். மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும். இரவு 11 மணிக்கு மேல் தரையிறங்கினால் ரயிலை நம்பாமல் டாக்சியோ, கிராப் செயலியில் அழைக்கும் வண்டியோ எடுங்கள். டாக்சியில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டர் கட்டணத்தில் பாதி கூடுதலாக ஏறும்.

ஹோட்டல் முன்பதிவில் பலர் ஏமாறுவது ஜன்னலில். தேக்கா (லிட்டில் இந்தியாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), சைனாடவுன் பக்கத்துப் பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டிய ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத அறைகள் நிறைய. படத்தில் திரைச்சீலை தொங்கும், அதன் பின்னால் சுவர் இருக்கும். அறை வகையின் பெயரில் ஜன்னல் உண்டு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தேனிலவுக்கு வருகிறவர்கள் ஒரே பெரிய கட்டிலா, இரண்டு தனிக்கட்டிலா என்பதையும் உறுதிப்படுத்துங்கள்.

ரயிலிலும் பேருந்திலும் வங்கி அட்டையைத் தொட்டே போகலாம். ஆனால் ஓர் அட்டை ஓர் ஆளுக்குத்தான். கணவர் தொட்டு உள்ளே போனபின் அதே அட்டையை மனைவி தொட்டால் கதவு திறக்காது. வெளிநாட்டு அட்டைக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு சேவைக் கட்டணம் உண்டு. ஐந்து நாளுக்கு ஆளுக்கு 3 வெள்ளிதான், அதற்காகத் தனிப் பயண அட்டை வாங்க அலைய வேண்டாம். பேருந்தில் இறங்கும்போதும் மறக்காமல் தொடுங்கள். தொடாவிட்டால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் பிடித்துக்கொள்ளப்படும். ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் தடை, அபராதம் 500 வெள்ளி வரை போகும். தண்ணீருக்கும் இதே விதிதான்.

நாள்களை அடுக்கும் விதம்

வந்த அன்று பெரிய இடம் எதுவும் வேண்டாம். தேக்காவைச் சுற்றி நடந்து, காம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்த்து, வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்வந்து தூங்குங்கள். கோயில்கள் நண்பகலில் நடைசாத்தி மாலையில்தான் திறக்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை என்றால் தேக்காவை வேறு நாளுக்கு மாற்றுங்கள். உழைக்க வந்திருக்கும் நம் ஊர்த் தொழிலாளர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. உணவகங்களில் இடம் பிடிப்பது கடினம்.

இரண்டாம் நாள் மாலை மரினா பேக்கு. இதை மட்டும் மணிக்கணக்காகச் சொல்கிறோம், ஏனென்றால் வரிசை மாறினால் காட்சிகளில் ஒன்று கைநழுவிப் போகும். மாலை 4 மணிக்குப் பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி, பூந்தோட்டத்தின் இரண்டு கண்ணாடிக் கூடங்களுக்குள் நுழையுங்கள். உள்ளே குளிர்ச்சி, வெளியே வெயில் தணியும் வரை இருக்கலாம். மலர்க்கூடத்தை முதலில் பாருங்கள், மேகக்காட்டைப் பிறகு. மேகக்காட்டில் 35 மீட்டர் உயரச் செயற்கை மலையின் உச்சிக்கு மின்தூக்கியில் ஏறி, சுற்றுப்பாதையில் நடந்தே இறங்கலாம். மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் கூடங்களை மூடுவார்கள், எனவே நுழைவுச்சீட்டு வாங்கும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள். ஆறரைக்கு வெளியே வந்து எதையாவது கொறித்துவிட்டு, 7.30-க்குள் பெருமரங்களுக்குக் கீழே போய்விடுங்கள். 25 முதல் 50 மீட்டர் உயரமுள்ள அந்த இரும்பு மரங்களில் ஒளியும் இசையும் 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும். நின்றபடி அண்ணாந்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். ஊர்க்காரர்கள் ஒரு துண்டை விரித்து மல்லாந்து படுத்துவிடுவார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள். எட்டு மணிக்கு அது முடிந்ததும் தும்பிப் பாலத்தைக் கடந்து மரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தின் ஊடாக நீர்முகப்புக்கு வந்தால், 9 மணிக்கு ஸ்பெக்ட்ரா நீர்க்காட்சி. இந்த இரண்டு காட்சிகளும் இலவசம். பிறகு பேஃபிரண்டிலிருந்து ஒரே நிறுத்தம், டவுன்டவுனில் இறங்கி லாவ் பா சாட்டுக்கு நடங்கள். 1894-இல் கட்டிய எண்கோண இரும்புச் சந்தை அது. இரவில் அதன் பக்கத்துத் தெருவை அடைத்து, கரி அடுப்பில் சாத்தே (குச்சியில் செருகிய இறைச்சித் துண்டுகள்) வாட்டுவார்கள். பெரும்பாலும் குறைந்தது பத்துக் குச்சிதான் கொடுப்பார்கள், இருவருக்கு அது சரியான அளவு.

மரினா பே சாண்ட்ஸ் மேல்தளத்து நீச்சல் குளத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அங்கே தங்குபவருக்கு மட்டும்தான் அனுமதி. பார்வைத் தளத்துக்கான சீட்டு வாங்கினாலும் குளத்துக்குள் விடமாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை சைனாடவுன். 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசல், புத்தரின் பல் பாதுகாக்கப்படும் கோயில் மூன்றும் சவுத் பிரிட்ஜ் சாலையில் சில நிமிட நடையில் அடுத்தடுத்து இருக்கின்றன. எங்களைக் கேட்டால், இந்த ஊரைப் புரிந்துகொள்ள அந்தச் சில நிமிட நடை போதும். தோளும் முழங்காலும் மூடும் உடையில் போங்கள். 11 மணிக்கே எதிரிலுள்ள மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டுவிடுங்கள். பன்னிரண்டானால் அலுவலகக் கூட்டம் இறங்கிவிடும். நடுப்பகலுக்கு தேசிய கலைக்கூடம், மாலையில் சிங்கப்பூர் ஆற்றுப் படகு.

நான்காம் நாள் உல்லாசத் தீவான செந்தோசாவா, மண்டாய் விலங்குத் தோட்டமா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகள் இல்லாமல் வரும் இருவருக்கு எங்கள் ஓட்டு மண்டாய்க்கு. பிற்பகலில் பறவைப் பூங்கா, இரவு 7.15-க்குத் திறக்கும் நைட் சஃபாரி. டிராமில் ஏறிச் சுற்றிவிட்டு வெளியேறிவிடாதீர்கள், நடைபாதைகளில்தான் விலங்குகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். திரும்பும் பேருந்து நேரத்தை உள்ளே நுழையும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் காலை 7 மணிக்கு பூமலை. 1859-இல் அமைந்த தோட்டம், 2015 முதல் உலக மரபுச் சின்னம். தோட்டத்துக்குக் கட்டணமில்லை, ஆர்க்கிட் பூங்காவுக்கு மட்டும் உண்டு.

உணவங்காடியில் இருவர்

இங்கே இருவராக இருப்பது பெரிய வசதி. ஒருவர் மேசையைப் பிடிக்க, மற்றவர் வரிசையில் நிற்கலாம். காலி மேசைமேல் ஒரு மெல்லிழைத்தாள் (டிஷ்யூ) பொட்டலமோ குடையோ கிடந்தால் அது பிடிக்கப்பட்ட மேசை, எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காராதீர்கள். ஒரு கடையில் ஒரு தட்டு மட்டும் வாங்கிப் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். மூன்று தட்டு, இரண்டு பானம், 20 வெள்ளிக்குள் முடியும். இருவரும் ஆளுக்கொரு முழுத் தட்டோடு தொடங்கினால் இரண்டாவது கடையிலேயே வயிறு நிறைந்துவிடும். பல கடைகள் உள்ளூர்க் கட்டண முறைகளையும் ரொக்கத்தையும்தான் வாங்கும், அதனால் இரண்டு, ஐந்து, பத்து வெள்ளித் தாள்களாக 50 வெள்ளி எப்போதும் பையில் இருக்கட்டும். சாப்பிட்டபின் தட்டைக் கொண்டுபோய் அதற்கான இடத்தில் வைப்பது சட்டம். முதலில் எச்சரிப்பார்கள், மறுமுறை 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனி அடுக்கு இருக்கும், கவனித்து வையுங்கள்.

புகழ்பெற்ற கடையைத் தேடிப் போகும் முன் அதன் விடுமுறை நாளைப் பாருங்கள். திங்கள், செவ்வாயில் மூடும் கடைகள் நிறைய. நல்ல கடைகளில் இரண்டு மணிக்கே சட்டி காலியாகிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை துப்புரவுக்காக மொத்த நிலையத்தையும் மூடுவதும் உண்டு.

காப்பி கேட்பதற்கு ஒரு தனி மொழி இருக்கிறது. வெறுமனே "கோப்பி" என்றால் கெட்டியான இனிப்புப் பால் கலந்து வரும், நம் நாக்குக்கே கொஞ்சம் தித்திப்புத்தான். "கோப்பி ஓ" பாலில்லாமல் சர்க்கரையோடு. "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும், ஃபில்டர் காப்பிப் பழக்கக்காரருக்கு இதுதான் நெருக்கம். சர்க்கரை குறைய "சியு தாய்", அறவே வேண்டாமென்றால் "கோசோங்", ஐஸ் போட "பெங்". தேநீருக்கு "தே". நம் முஸ்லிம் கடைகளில் "தே ஹாலியா" என்றால் இஞ்சித் தேநீர். தேக்காவில் தமிழிலேயே கேட்கலாம், அதற்குத் தயங்கவே வேண்டாம்.

இருவரில் ஒருவர் சைவம் என்றால் தேக்கா நிலையம்தான் சுலபம். ஒருவர் பிரியாணிக் கடையிலும் மற்றவர் தோசைக் கடையிலும் வாங்கி ஒரே மேசையில் உட்காரலாம். அங்கேயும் ஓர் எச்சரிக்கை. வெறும் பிராட்டாதானே (நம் பரோட்டாதான்) என்று வாங்கினால், ஊற்றிக் கொடுப்பது மீன் குழம்பாக இருக்கலாம். "பருப்புக் குழம்பு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்ற இடங்களில் கண்ணுக்குத் தெரியாத அசைவம்தான் சிக்கல். கோழிச்சோற்றில் "கோழி வேண்டாம், சோறு மட்டும்" என்றாலும் அந்தச் சோறே கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் வெந்தது. லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் உலர்ந்த இறால் அரைத்திருக்கும். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு வரும் சம்பாலில் (மிளகாய்த் துவையல்) இறால் விழுது. "கேரட் கேக்" என்ற பெயரில் கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. முள்ளங்கியும் அரிசிமாவும் சேர்ந்த கட்டியை முட்டையோடு வறுத்தது. கீரை வதக்கலில்கூடச் சிப்பிச் சாறு இருக்கும். சீன எழுத்தில் சைவத்தைக் குறிக்கும் "素" பலகை உள்ள கடைகள் பௌத்த முறைப்படி சமைப்பவை. அங்கே கறிபோலவே தோன்றுவது சோயாவும் கோதுமைப் புரதமும்தான், பயப்பட வேண்டாம். முட்டை மட்டும் சேரக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலையில் 1947 முதல் இயங்கும் கோமள விலாஸ் உள்பட நம் சைவ உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன.

ஒரு பெரிய விருந்து

ஐந்து நாளில் ஒரு வேளையாவது செலவழித்துச் சாப்பிடுங்கள். மீன் தலைக் கறி இந்த ஊரில் பிறந்த பண்டம். தென்னிந்தியக் குழம்பும் மீன் தலையை விரும்பும் சீன நாக்கும் சந்தித்த இடம் அது. ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலை போட்டுப் பரிமாறுவார்கள். இருவருக்குச் சிறிய அளவே மிஞ்சும்.

மிளகாய் நண்டு என்றால் விலைப்பட்டியலில் "அன்றைய விலை" என்றுதான் இருக்கும். வெட்கப்படாமல் இரண்டு கேள்வி கேளுங்கள். கிலோ என்ன விலை? இந்த நண்டு எத்தனை கிராம்? தொட்டியிலிருந்து எடுத்து உங்கள் கண்முன் நிறுத்துக் காட்டச் சொல்லலாம். இருவருக்கு 800 கிராம் முதல் ஒரு கிலோ போதும். இனிப்பும் புளிப்பும் முட்டையும் கலந்த அந்தக் குழம்பைத் தொட்டுச் சாப்பிடப் பொரித்த மாந்தோ ரொட்டி கட்டாயம் வேண்டும், சோறு வேண்டாம். கேட்காமலே மேசைக்கு வரும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் உடனே திருப்பிக் கொடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

விலைக்குப் பக்கத்தில் "++" என்றிருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. வரி அந்தச் சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்தே விழும். 140 வெள்ளிக்குச் சாப்பிட்டால் முதலில் 154 ஆகும், பிறகு 167 வெள்ளி 86 காசு. அன்பளிப்பு வைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

இன்னும் நிதானமான விருந்து வேண்டுமென்றால் சீனமும் மலாயும் கலந்த பெரானாக்கான் சமையல் உணவகத்தைப் பரிந்துரைக்கிறோம். புளி, மல்லி, மிளகாய், தேங்காய்ப்பால் எல்லாம் நமக்குத் தெரிந்தவை, ஆனால் சேர்மானம் முற்றிலும் வேறு. புவா கெலுவாக் என்ற கருங்கொட்டையோடு சமைத்த கோழியை ஒருமுறை சுவைத்துப் பாருங்கள். பச்சையாக நஞ்சுள்ள கொட்டை அது. நாள்கணக்கில் பதப்படுத்தி, ஊறவைத்த பிறகே சட்டிக்கு வரும். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் கறுப்பு விழுதைச் சிறு கரண்டியால் சுரண்டிச் சோற்றில் பிசைய வேண்டும். இறால் விழுது இல்லாமல் இந்தச் சமையல் இல்லை என்பதால் சைவர்களுக்கு ஒத்துவராது. பெரிய உணவகங்களில் இடத்தை இரண்டு மூன்று வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். வராமல் போனால் அட்டையில் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அதே அடுப்படிச் சமையல் மதியத் தொகுப்பில் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். ஆண்கள் முழுக்கால் சட்டை, மூடிய காலணி.

திரும்பும் நாள்

ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கியிருந்தால், வரி திரும்பக் கிடைக்குமா என்று பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கும்போதே கேளுங்கள். சிராங்கூன் சாலையில் நகை வாங்குவோர் ஒன்றை மனத்தில் வையுங்கள். வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் வசித்தவருக்கு இந்தியச் சுங்கம் தரும் நகைச் சலுகை, ஐந்து நாள் பயணிக்குக் கிடையாது. வரியைத் திரும்பக் கேட்கும் இயந்திரம் விமான நிலையத்தில் இருக்கிறது. வாங்கிய பொருளைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்புவதாக இருந்தால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே அந்த இயந்திரத்துக்குப் போங்கள். சோதனைக்குப் பொருளைக் காட்டச் சொல்லலாம்.

40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஜுவல் அருவி குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே, முதலாம் முனையத்தை ஒட்டி இருக்கிறது. உள்ளே போனபின் அங்கே போக முடியாது. இரவு 10 மணிக்கு நீரை நிறுத்திவிடுவார்கள். நள்ளிரவு விமானம் என்றால் எட்டு மணிக்கே சாங்கிக்கு வந்து, முடிந்தால் பெட்டியை முன்கூட்டியே ஒப்படைத்துவிட்டு, கைவீசி நடந்து போய்ப் பாருங்கள்.